தனிமைச் சிறையில் அப்படி என்னதான் கொடுமை?

நூல்புழு:
அடுத்த வாரம் எங்கள் வாசகர் வட்டத்தில் தனிமைச் சிறை பற்றி விவாதம். எதிரணியில் என் நண்பர். "அடி இல்லை, உதை இல்லை, வேளாவேளைக்குச் சாப்பாடு. தனியாக இருப்பதெல்லாம் ஒரு தண்டனையா? நான் பத்து வருடமாகத் தனியாகத்தானே இருக்கிறேன்" என்கிறார். சட்டென்று பதில் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

சட்டப்பித்தன்:
உங்கள் நண்பர் வீட்டில் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது. அதுதான் வித்தியாசம்.

ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ, பேசிப் பழக ஆளில்லாமல் அடைத்து வைப்பதைத்தான் ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகள் (2015) தனிமைச் சிறை என்கின்றன. தொடர்ந்து 15 நாளைத் தாண்டக் கூடாது. ஆனால் மீறினால் கேட்க ஆளில்லை. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஆல்பர்ட் வுட்ஃபாக்ஸ் என்ற கைதி 40 ஆண்டுகளுக்கும் மேல் இப்படிக் கிடந்துவிட்டு 2016இல் வெளியே வந்தார்.

இதில் கூத்து என்னவென்றால், நல்ல எண்ணத்தில் தொடங்கிய ஏற்பாடு இது. தனியாக விட்டால் கைதி செய்ததை நினைத்து மனம் திருந்துவான் என்று நம்பித்தான் 1829இல் பிலடெல்ஃபியாவில் அதற்கென்றே ஒரு சிறையைத் திறந்தார்கள்.

பழைய வார்டர்:
விதியெல்லாம் அவர் சொல்லிவிட்டார். நான் பார்த்ததைச் சொல்கிறேன். பதினோரு வருடம் வார்டர் வேலை, அதில் ஏழு மாதம் தனிக் கொட்டடி வரிசையில்.

கதவின் அடியில் தட்டு நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு. முதல் வாரம் எல்லோரும் கத்துவார்கள், கதவை உதைப்பார்கள். அதைப் பற்றி நாங்கள் கவலைப்பட மாட்டோம். சத்தம் நின்றால்தான் வயிற்றைக் கலக்கும். ஒருவன் பகலெல்லாம் தூங்கி, இரவெல்லாம் நடப்பான். நாலு எட்டு, திரும்பல், நாலு எட்டு. சாவிக்கொத்து சத்தத்தை வைத்தே எந்த வார்டர் வருகிறார் என்று சொல்லிவிடுவான். நாற்பது நாள் கழித்து அவனை முற்றத்துக்குக் கூட்டிவந்தபோது கண்ணை இடுக்கிக்கொண்டு சுவரோரமாகவே நடந்தான். தூரத்தில் இருப்பது எதுவும் பிடிபடவில்லையாம். பேச வந்தால் வாய் குழறியது. திருந்தின மாதிரி எனக்குத் தெரியவில்லை.

நூல்புழு:
நன்றி ஐயா. ஆனால் நண்பர் அடுத்து இதைத்தான் கேட்பார்: கூட இருப்பவனைக் குத்துகிற கைதியை என்ன செய்வது? மற்றவர்கள் உயிர் முக்கியம் இல்லையா?

பழைய வார்டர்:
நியாயமான கேள்வி. என் கையிலேயே தையல் போட்ட தழும்பு இருக்கிறது. அவனைப் பிரித்துத்தான் வைக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிரித்து வைப்பது வேறு, பேச்சுத்துணையே இல்லாமல் அடைப்பது வேறு. கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அரை மணி நேரம் பேச ஒரு ஆள், வீட்டுக்கு ஒரு போன், படிக்க ஏதாவது, எப்போது வெளியே விடுவார்கள் என்ற தேதி. இதையெல்லாம் கொடுத்தால் யாரையும் குத்திவிட முடியாது. கொடுக்காததற்குக் காரணம் பெரும்பாலும் ஆள் பற்றாக்குறை, அப்புறம் சோம்பேறித்தனம்.

நான் சொன்னேனே, அவன் சாப்பிட்டு முடித்துத் தட்டைத் திருப்பித் தரும்போது அந்த முனையை விடவே மாட்டான். இந்த முனை என் கையில் இருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் திறப்பு மூடாமல் இருக்கட்டும் என்றுதான். அடுத்த கொட்டடிக்குப் போகிற அவசரத்தில் பல நாள் நான் பிடுங்கியிருக்கிறேன்.