முழு வேகத்தில் மட்டும் திணறும் பழைய அவுட்போர்டு மோட்டார்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (தொண்டிக்கரை)

எங்கள் பைபர் படகில் இரண்டு சிலிண்டர் கொண்ட, மண்ணெண்ணெயில் ஓடும் பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் உள்ளது. பெட்ரோலில் ஓரிரு இழுப்பிலேயே பிடித்துக்கொள்கிறது. மண்ணெண்ணெய்க்கு மாற்றிய பிறகும் கரையோரம் மெதுவாக ஓடும்போது குறை எதுவும் தெரிவதில்லை. ஆனால் வலைகளை ஏற்றிக்கொண்டு முழு வேகத்துக்குத் திருகினால், சிறிது நேரத்தில் மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கி, சில வேளை நின்றும் விடுகிறது. பிளக் இரண்டையும் மாற்றியாகிவிட்டது. குளிர்நீரும் நன்றாகவே பீய்ச்சுகிறது. கார்பரேட்டர் திருகைத் திருகிப் பார்க்கும்படி சிலர் சொல்கிறார்கள். அதற்கு முன் எதைச் சோதிக்க வேண்டும்?

மறுமொழி (பட்டறை)

அந்தத் திருகை இப்போது தொட வேண்டாம். அது மெதுவாக ஓடும் நிலையின் கலவைக்கு உரியது. முழு வேகத்தில் எரிபொருளை அளந்து தருவது மெயின் ஜெட் என்னும், கார்பரேட்டருக்குள் இருக்கும் சிறு துளைத் திருகு. வேகம் குறையத் தொடங்கும்போது, உடன் இருப்பவரிடம் சொல்லி எரிபொருள் குழாயின் நடுவிலுள்ள ரப்பர்க் குமிழைத் தொடர்ந்து அழுத்தச் செய்யுங்கள். வேகம் மீண்டால் எஞ்சினுக்கு எரிபொருள் போதவில்லை என்று பொருள்.

அப்படியானால் டேங்க் மூடியின் காற்றுத்துளை, உறிஞ்சு குழாயின் வடிகட்டி, குழாய், பம்பு என்ற வரிசையில் பாருங்கள். குழாயின் உறிஞ்சும் பக்கத்தில் வெடிப்பு இருந்தால் எரிபொருள் வெளியே கசியாமல் காற்று உள்ளே புகும். ஆகவே வெளியில் ஈரம் இல்லை என்பதற்காக அதைத் தள்ளிவிடக் கூடாது. எஞ்சினின் கிராங்க் கேஸில் (பிஸ்டனுக்குக் கீழுள்ள அறையில்) மாறி மாறி எழும் அழுத்தமே பம்பின் டயப்ரமை, அதாவது மெல்லிய சவ்வை, இயக்குகிறது. நாள்பட்டு விறைத்த டயப்ரம் மெதுவான ஓட்டத்துக்குப் போதுமான அளவை இறைத்தாலும் முழு வேகத்தின் தேவைக்கு ஈடுகொடுக்காது.

மறுமொழி (பாம்பன் பக்கம்)

குமிழை அழுத்தியும் மாற்றமில்லை என்றால் மின்பொறியைப் பாருங்கள். நின்றவுடன், சூடு ஆறுவதற்குள், பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடலோடு ஒட்டிப் பிடித்து, ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுக்க வேண்டும். எரிபொருள் ஆவி சூழ்ந்திருக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள். சூட்டில் பொறி வராமல், ஆறியபின் வந்தால் பொறிக்கு மின்சாரம் தரும் காயில் அல்லது சிடிஐ (பொறி விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) மீது ஐயம் கொள்ளலாம். இன்னொன்று: எஞ்சின் இரைச்சல் ஏறியும் படகு நகராவிட்டால் அது எஞ்சின் குறையாக இல்லாமல், புரொப்பெல்லரின் நடுவிலுள்ள ரப்பர் வழுக்குவதாக இருக்கலாம்.

தொண்டிக்கரை

குமிழை அழுத்தியதும் வேகம் மீண்டது. டயப்ரம் விறைத்திருந்தது, குழாயின் உட்பூச்சும் உரிந்து வழியை அடைத்திருந்தது. இரண்டையும் மாற்றியபின் முழு வேகம் சீராக உள்ளது. மெதுவான ஓட்டத்தில் மட்டும் சிறிது தடுமாற்றம் இருக்கிறது. இப்போது திருகைத் தொடலாமா?

மறுமொழி (பட்டறை)

இப்போது தொடலாம். முதலில் திருகை மெல்ல உள்ளே முடுக்கி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, பழைய நிலைக்கே கொண்டுவாருங்கள். இறுக்கினால் அதன் ஊசிமுனை கெட்டுவிடும். படகைத் தண்ணீரில் உறுதியாகக் கட்டி, எஞ்சின் நன்கு சூடேறி மண்ணெண்ணெய்க்கு மாறியபின், கியரில் போட்டு மெதுவான ஓட்டத்திலேயே சரிசெய்ய வேண்டும். கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகி, ஒவ்வொரு முறையும் சிறிது பொறுத்துக் கவனியுங்கள். ஒரு பக்கம் திருகும்போது தும்மி நிற்கப் பார்க்கும்; மறுபக்கம் புகைந்து கனமாக ஓடும். இரண்டுக்கும் இடையில், புகையும் பக்கம் சற்றுச் சாய்ந்த இடத்தில் நிறுத்துங்கள். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் எரிபொருளோடு கலந்தே உள்ளே போவதால், எரிபொருள் குறைந்தால் உயவும் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கையேடு 50:1 என்று சொன்னால் 10 லிட்டருக்கு 200 மில்லி ஆயில் கலக்க வேண்டும். புகை குறையட்டும் என்று அதைக் குறைக்காதீர்கள்.

கரை சேருமுன் பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட்டியபின் நிறுத்தினால், கார்பரேட்டரில் மண்ணெண்ணெய் தங்காமல் மறுநாள் எளிதாகப் பிடிக்கும். சில பயணங்களுக்குப் பின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: முனை இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி, வெளுத்திருந்தால் மேற்கொண்டு ஓட்டாமல் பம்பையும் மெயின் ஜெட்டையும் மறுபடி சோதியுங்கள்.