தோட்டங்கள் தாமான்களாகும் ஊர்களுக்கு முதலில் எது வேண்டும்: ரயிலா, பஸ்ஸா?

கேள்வி – பெர்ஜுந்தை வாசகி

நான் மலேசியாவின் கோல சிலாங்கூர் மாவட்டத்திலுள்ள பெஸ்தாரி ஜெயாவில், பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊரில் வசிக்கிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கு எங்கள் பக்கமாக வேகமாக வளர்ந்து வருகிறது. 2011-இல் லாத்தார் நெடுஞ்சாலை திறக்கப்பட்ட பிறகு ஈஜோக், பூஞ்சாக் ஆலாம் வட்டாரங்களில் செம்பனை அழிக்கப்பட்டு அடுத்தடுத்துத் தாமான்கள், அதாவது புதிய வீடமைப்புப் பகுதிகள், எழுந்தன. அந்த வளர்ச்சி இப்போது எங்கள் எல்லையையும் தொட்டுவிட்டது. தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீடுகளில் இருந்த காலத்தில் வேலை, பள்ளி, கோயில், கடை எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருந்தன. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக யாருக்கும் வண்டி தேவைப்படவில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறிய அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று ரவாங்கிலும் சுங்கை பூலோவிலும் ஷா ஆலமிலும் வேலை செய்கிறார்கள். வீடு மட்டும் இங்கேயே இருக்கிறது.

கோலாலம்பூருக்குள் நிலைமை பெரிதும் முன்னேறியிருக்கிறது. எம்ஆர்டி என்னும் நகர ரயிலின் காஜாங் தடம் 2017-இலும் புத்ராஜெயா தடம் 2023-இலும் முழுமையாகத் திறக்கப்பட்டு, இரண்டும் சேர்ந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகின்றன. அந்த ரயிலைப் பிடிக்க நாங்கள் சுங்கை பூலோ வரை போய்ச் சேர்வதற்குத்தான் வழியில்லை. எங்கள் கடைத்தெருவிலுள்ள பஸ் நிறுத்தத்தில் நேர அட்டவணை கிடையாது. காத்திருப்பவர்கள், பஸ் புறப்படும் இடத்தில் கடை வைத்திருக்கும் தெரிந்தவரைத் தொலைபேசியில் அழைத்து, "வண்டி கிளம்பியாச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் வீட்டைவிட்டுப் புறப்படுகிறார்கள். இதனாலேயே, பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு மகனுக்குத் தவணையில் மோட்டார் சைக்கிள் எடுத்துக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. நாட்டில் ஆண்டுதோறும் 6,000-க்கும் மேற்பட்டோர் சாலை விபத்துகளில் உயிரிழக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் அதிகமானோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். பிள்ளை வீடு திரும்பும் வரை தாய்மார்கள் உறங்காமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

குடியிருப்பாளர்கள் சேர்ந்து ஒரு மனு தயாரிக்கிறோம். கொமுட்டர் என்னும் புறநகர் ரயில் தடத்தை எங்கள் ஊர்வரை நீட்டிக்கக் கேட்க வேண்டும் என்று ஒரு சாராரும், பஸ்ஸைச் சீராக்கினாலே போதும் என்று மறு சாராரும் சொல்கிறார்கள். எதைக் கேட்பது முறை?

பதில் – முன்னாள் பஸ் ஓட்டுநர், கோல சிலாங்கூர்

வணக்கம் அம்மா. பஸ்ஸையே கேளுங்கள், ஆனால் "பஸ் வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல் கணக்கோடு கேளுங்கள். உங்கள் ஊரிலிருந்து ரவாங் ரயில் நிலையம் போய்த் திரும்ப, ஓட்டுநரின் இடைவேளையும் சேர்த்து, இரண்டு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு பஸ் ஓடினால் அது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறைதான் வரும். மணிக்கு ஒன்று வேண்டுமானால் 2 பஸ்கள் தேவை. அரை மணிக்கு ஒன்று என்றால் 4. கால் மணிக்கு ஒன்று என்றால் 8. பழுதானால் மாற்றிவிட ஒன்று தனியாக நிற்க வேண்டும். விடிகாலை முதல் இரவு வரை ஓடும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் குறைந்தது இரண்டு ஓட்டுநர்கள் தேவை. அவர்களுக்கு வாரவிடுப்பும் நோய்விடுப்பும் உண்டு. இந்தக் கணக்கைப் பார்த்தால், நான்கு ஐந்து பஸ்களும் பத்துப் பன்னிரண்டு ஓட்டுநர்களும் ஓர் ஊரின் வாழ்க்கையையே மாற்றிவிட முடியும் என்பது விளங்கும். ஒரு புதிய ரயில் தடத்துக்கு நிலம் எடுக்கவே ஆண்டுகள் போய்விடும்.

தனியார் பஸ்கள் தேய்ந்துபோன விதத்தை நான் உள்ளிருந்தே பார்த்தவன். வசூல் குறைந்தால் முதலில் இரவு நடையை நிறுத்துவார்கள். திரும்பி வர வண்டி இல்லை என்று தெரிந்தவர்கள் காலையிலும் ஏற மாட்டார்கள். அதனால் காலை வசூலும் விழும், அடுத்த நடையும் நிற்கும். டிக்கெட் பணத்தை மட்டுமே நம்பியிருக்கும் எந்த நிறுவனமும் இந்தச் சுழலிலிருந்து வெளியே வர முடியாது. ஓடும் கிலோமீட்டருக்கு அரசாங்கம் பணம் கொடுத்து, நேரம் தவறினால் அதில் கழிக்கும் ஒப்பந்த முறைதான் இதற்கு மருந்து. 2015-இல் சிரம்பானில் தொடங்கிய மைபாஸ் பஸ் சேவை அந்த வழியில் வைத்த ஓர் அடி. அதே ஆண்டில் சிலாங்கூரில் இலவச ஸ்மார்ட் சிலாங்கூர் பஸ்களும் ஓடத் தொடங்கின. கட்டணம் இலவசமா, ஒரு வெள்ளியா (ரிங்கிட்) என்பதைவிட, வண்டி சொன்ன நேரத்துக்கு வருமா என்பதே பயணிக்குப் பெரிது என்பது என் உறுதியான எண்ணம்.

பதில் – ஷிப்ட் வேலைக்காரி

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் பக்கத்தில் நேரம் தவறாமல் ஓடும் வண்டி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அது தொழிற்சாலை பஸ். ஷிப்ட் தொடங்குவதற்கு முன்பே ஒவ்வொரு தாமானின் முகப்பிலும் வந்து நின்று எங்களை ஏற்றிக்கொள்கிறது. அந்த ஷிப்ட் நேரங்களைத் தொழிற்சாலைகளிடமிருந்து கேட்டு வாங்கி, பொது பஸ்ஸின் முதல் நடையையும் கடைசி நடையையும் அவற்றுக்கு ஏற்ப அமைத்தால், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்கள், கடைப் பெண்கள், காவலாளிகள் போன்ற, நிறுவன பஸ் இல்லாத அனைவரும் பயன்பெறுவார்கள். அட்டவணைகள் பெரும்பாலும் அலுவலக நேரத்தை எண்ணியே போடப்படுகின்றன. இரவு பத்து மணிக்கு வேலை முடிபவர்களை யாரும் கேட்பதில்லை.

பதில் – நகரமைப்புத் துறையில் பணிபுரிபவர், ரவாங்

முன்னாள் ஓட்டுநர் ஐயாவின் கணக்கை ஏற்கிறேன். ஆயினும் பஸ்ஸை மட்டும் கேட்டால் போதாது என்பது என் கருத்து. வீடுகள் எங்கே, எப்படிக் கட்டப்படுகின்றன என்பதே பஸ் நிலைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. பிரேசிலின் குரிட்டிபா நகரம் 1974-இல் பஸ்களுக்கெனத் தனித்தடங்களைத் திறந்தபோது, உயர்ந்த கட்டடங்களை அந்தத் தடங்களின் இருமருங்கிலும் எழுப்ப அனுமதித்து, மற்ற இடங்களில் உயரத்தைக் கட்டுப்படுத்தியது. பயணிகள் பஸ் தடத்துக்கு அருகிலேயே குடியிருந்தார்கள். நம் பக்கத்திலோ செம்பனை நிலம் எங்கே விற்பனைக்கு வருகிறதோ அங்கே ஒரு தாமான் முளைக்கிறது. ஒரே ஒரு நுழைவாயில், சுற்றிலும் வேலி. நுழைவாயிலிலிருந்து கடைசி வீடுவரை வெயிலில் நடக்க நிழலும் இல்லை, நடைபாதையும் இல்லை. இத்தகைய தாமான்களுக்குள் பெரிய பஸ்ஸைச் சுற்றவிட்டால் பயணம் நீண்டு, எல்லோரும் வெறுத்துவிடுவார்கள்.

செயலி வழியாக அழைக்கும் வேன் சேவை கிள்ளான் பள்ளத்தாக்கின் பல பகுதிகளில் ஓடுகிறது. தோட்டத்தின் உட்பகுதியில் இன்னும் இருக்கும் முதியவர்கள் பகல் நேரத்தில் கிளினிக்குக்குப் போய்வர அது மிகவும் பொருந்தும். அவர்களுக்காகத் தொலைபேசியில் பேசிப் பதிவு செய்யும் வசதியையும் கேட்க வேண்டும். காலை ஆறு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் புறப்படும்போது வேன் தாங்காது. அந்த நேரத்துக்கு நேர்வழியில் ஓடும் பஸ்தான் வேண்டும்.

கட்டணத்தையும் மறந்துவிடாதீர்கள். மாதம் 50 வெள்ளிக்குக் கிடைக்கும் மை50 அட்டை ரேப்பிட் கேஎல் நிறுவனத்தின் ரயில்களுக்கும் பஸ்களுக்கும் உரியது. பஸ், கொமுட்டர், எம்ஆர்டி என்று மூன்றுக்கும் தனித்தனியாகப் பணம் கட்டும் தொழிலாளிக்கு, மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் செலவே மலிவாகத் தெரியும்.

இன்னொன்று, மனுவைவிட வலிமையான வழி. 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, எந்த நிலத்தில் எது வரலாம் என்று காட்டும் வட்டாரத் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, எதிர்ப்புகளையும் கருத்துகளையும் எழுத்து வடிவில் பெறக் குறைந்தது நான்கு வாரங்கள் அவகாசம் தர வேண்டும். அந்த நான்கு வாரங்களில் நம்மவர்களின் கடிதங்கள் மிகக் குறைவாகவே வருகின்றன என்பது எனக்கு வருத்தம். பஸ் நிறுத்தம், தாமானிலிருந்து தாமானுக்கு நடந்துசெல்லும் இணைப்புப் பாதை, பஸ் திரும்புவதற்கான இடம் ஆகியவை நிலம் தோட்டமாக இருக்கும்போதே வரைபடத்தில் ஏற வேண்டும். வீடுகள் விற்றுத் தீர்ந்த பிறகு ஒரு நிறுத்தத்துக்குக்கூட இடம் கிடைக்காது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. ரயில் நீட்டிப்பை மனுவிலிருந்து எடுத்துவிட எங்கள் குழுவிடம் சொல்லப்போகிறேன். ரவாங் நிலையத்துக்கும் சுங்கை பூலோ நிலையத்துக்கும் அரை மணிக்கு ஒரு பஸ், நிறுத்தத்தில் ஒட்டப்பட்ட அட்டவணை, பகலில் தோட்டத்துக்குள் வேன் ஆகியவற்றைக் கேட்போம். வட்டாரத் திட்டத்துக்கான கடிதத்தைத் தனியாக எழுதுவோம். முதல் பஸ்ஸும் கடைசி பஸ்ஸும் எத்தனை மணிக்கு இருக்க வேண்டும் என்பதை, ஷிப்ட் வேலைக்குப் போகும் சகோதர சகோதரிகள் தங்கள் வேலை தொடங்கும், முடியும் நேரங்களோடு இங்கேயே எழுதினால், அவற்றை அப்படியே மனுவோடு இணைத்துவிடுவேன்.