ஐ3-12100 பொருத்திய புதிய கணினி, பழைய ஐ7-4770-ஐ விடச் சிறிதளவே வேகம் காட்டுகிறது: எங்கே கோளாறு?

யாங்கூன் அச்சகத்தார்:

அனைவருக்கும் வணக்கம். யாங்கூனில் கல்யாணப் பத்திரிகை அச்சிடுவதும், கல்யாணம், காதுகுத்து, தீமிதித் திருவிழா ஆகியவற்றின் காணொளிகளைத் தொகுத்துக் கொடுப்பதும் எங்கள் தொழில். இவ்வளவு நாளும் இன்டெல் கோர் ஐ7-4770 பொருத்திய ஒரே மேசைக் கணினிதான் எல்லா வேலையையும் தாங்கி வந்தது. திங்யான் என்ற பர்மியப் புத்தாண்டு விடுமுறைக்கு முன்னால், இங்கே ஒரு கடையில் சொல்லி, ஐ3-12100 செயலியுடன் புதிய கணினி ஒன்றைப் பொருத்தி வாங்கினோம். பழையது 2013-இல் வெளிவந்தது, புதியது 2022-இல் வெளிவந்தது. இரண்டிலும் நான்கு கோர்கள் (செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), எட்டு த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்) மட்டுமே.

வாங்கிய பிறகு இரண்டையும் செயலியின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23 நிரலில் சோதித்தேன். பழைய கணினி எல்லாக் கோர்களையும் சேர்த்து 4,200 புள்ளிகளும், ஒரு கோருக்கு 1,010 புள்ளிகளும் எடுத்தது. புதியது எல்லாக் கோர்களுக்கும் 5,600, ஒரு கோருக்கு 1,650 எடுத்தது. ஆனால் இதே செயலி எல்லாக் கோர்களிலும் எட்டாயிரத்துக்கு மேல் எடுப்பதாகவே பலரும் வெளியிட்ட முடிவுகளில் காண்கிறேன். பாஸ்மார்க் என்ற மற்றொரு சோதனை நிரலின் கணக்கும் எனக்குப் பிடிபடவில்லை. பழைய கணினி வாங்கிய காலத்தில் நான் குறித்து வைத்திருந்தபடி ஐ7-4770-க்கு ஏறத்தாழ 9,800. இன்று ஐ3-12100-க்குப் பதின்மூன்றாயிரத்துக்குச் சற்று மேல். ஒன்பது ஆண்டு இடைவெளிக்கு இவ்வளவுதான் முன்னேற்றமா?

மின்வெட்டு நேரத்தில் பேட்டரியோடு கூடிய இன்வெர்ட்டரில்தான் கணினி ஓடுகிறது. இன்வெர்ட்டர் மின்சாரம் வேகத்தைக் குறைக்குமா? 16 ஜிபி ரேம் ஒரே அட்டையாகப் போடப்பட்டிருக்கிறது. அது காரணமாக இருக்குமா? அல்லது செயலியே வேறொன்றாக இருக்குமோ என்ற ஐயமும் எழுகிறது. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

மோல்மீன் ஆசிரியர்:

வணக்கம் ஐயா. உங்கள் கேள்வியில் இரண்டு சிக்கல்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று கணினியில் இருக்கக்கூடிய கோளாறு. அதைப் பெகு நண்பர் என்னைவிடத் தெளிவாகச் சொல்லுவார். மற்றொன்று எண்களை ஒப்பிடும் முறை.

உங்களிடம் உள்ள 9,800 என்ற பாஸ்மார்க் எண், அந்தச் சோதனை நிரலின் பழைய பதிப்பில் வந்தது. 2020 மார்ச்சில் பத்தாம் பதிப்பு வெளியானபோது சோதனைகளையும் அளவுகோலையும் மாற்றிவிட்டார்கள். அதன் பிறகு அதே ஐ7-4770 ஏழாயிரத்தை ஒட்டி நிற்கிறது. செயலி மெலிந்துவிடவில்லை, முழம் மாறிவிட்டது. இன்றைய அளவுகோலில் இரண்டையும் வைத்தால், புதியது ஏறக்குறைய இரண்டு மடங்கு. இப்படிப் பழைய கட்டுரையிலிருந்து ஓர் எண்ணும் புதிய பட்டியலிலிருந்து ஓர் எண்ணும் எடுத்து ஒப்பிடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

மற்றச் சோதனைகளுக்கும் இது பொருந்தும். கீக்பெஞ்ச் ஐந்தாம் பதிப்பில் கோர் ஐ3-8100 செயலிக்கு 1,000 புள்ளி என்பது அடிப்படை. ஆறாம் பதிப்பில் ஐ7-12700 செயலிக்கு 2,500 என்பது அடிப்படை. சினிபெஞ்சின் ஆர்15, ஆர்20, ஆர்23, 2024 ஆகியவையும் ஒன்றோடொன்று ஒப்பிடத் தக்கவை அல்ல. நீங்கள் இரண்டு கணினிகளையும் ஒரே ஆர்23-இல், உங்கள் கையாலேயே சோதித்திருக்கிறீர்கள். ஆகவே அந்த ஒப்பீட்டை நம்பலாம்.

பெகு பழுதுநீக்குநர்:

அச்சகத்தார் அவர்களுக்கு வணக்கம். நீங்கள் கொடுத்த எண்களே பாதி விடையைச் சொல்லிவிடுகின்றன. ஒரு கோருக்கு 1,650 என்பது இந்தச் செயலிக்கு இயல்பான அளவு. செயலி வேறொன்றாக இருந்தால் அந்த எண் வராது; ஆகவே அந்த ஐயத்தை விட்டுவிடலாம். ஒரு கோர் ஓடும்போது சரியாக ஓடி, நான்கும் சேர்ந்து ஓடும்போது மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைகிறதென்றால், ஒன்று வெப்பம் வெளியேறவில்லை, அல்லது மின்னளவுக்கு எங்கோ வரம்பு போட்டிருக்கிறார்கள்.

இன்வெர்ட்டரால் வேகம் குறையாது. கணினியின் பவர் சப்ளை எந்த மின்சாரத்தை வாங்கினாலும் அதை 12 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றியே மதர்போர்டு என்ற தாய்ப்பலகைக்குத் தருகிறது; பலகை அதையும் ஏறக்குறைய ஒரு வோல்ட்டுக்கு இறக்கித்தான் செயலிக்குக் கொடுக்கிறது. மின்சாரம் போதாவிட்டால் கணினி அணைந்துபோகும், அல்லது தானே மறுபடி தொடங்கும், மெதுவாக ஓடிக்கொண்டிருக்காது. ஒற்றை ரேம் அட்டை வேறு வேலைகளைப் பாதிக்கும், ஆனால் சினிபெஞ்ச் ரேமின் வேகத்தைப் பெரிதாக நம்பியிருப்பதில்லை.

பின்வருவனவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு சினிபெஞ்சைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் கோர்களின் வெப்பநிலை எவ்வளவு, கிகாஹெர்ட்ஸ் எவ்வளவு, செயலி எடுத்துக்கொள்ளும் வாட் எவ்வளவு என்று குறியுங்கள். இந்தச் செயலி எல்லாக் கோர்களிலும் 4.1 கிகாஹெர்ட்ஸ் வரை ஓட வேண்டியது. வெப்பம் 100 டிகிரியைத் தொட்டவுடன் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 60 வாட் என்ற அடிப்படை மின்வரம்பு இதற்குப் பெரிய தடையில்லை. அதற்குள்ளேயே ஏறத்தாழ முழு வேகத்தில் ஓடிவிடும். விண்டோஸில் மின்சேமிப்புத் திட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள்.

யாங்கூன் அச்சகத்தார்:

உடனே பதில் தந்த இருவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். தொடங்கிய சில நொடிகள் 4.1 கிகாஹெர்ட்ஸ் காட்டியது. ஒரு நிமிடம் ஆவதற்குள் வெப்பநிலை 100 டிகிரிக்குப் போய்விட்டது. அதன் பிறகு 2.6-க்கும் 2.9-க்கும் இடையில் ஊசலாடிக்கொண்டே இருந்தது. கடைசி நிமிடத்தில் 31 வாட். அறையில் வெப்பம் 35 டிகிரி இருக்கும். மின்திட்டம் சமநிலையில்தான் இருக்கிறது. விசிறி முழு வேகத்தில் இரைகிறது, ஆனால் ஹீட்சிங்க்கைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக மட்டுமே இருக்கிறது.

பெகு பழுதுநீக்குநர்:

கடைசியாகச் சொன்னீர்களே, ஹீட்சிங்க் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று, அதுதான் முடிச்சு. உள்ளே செயலி கொதிக்கும்போது அதன் மேல் அமர்ந்திருக்கும் உலோகம் சுடாமல் இருக்கிறதென்றால், இரண்டும் சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். அறை வெப்பம் காரணமாக இருந்தால் ஹீட்சிங்க்கும் சேர்ந்து சுடும்.

கணினியை அணைத்து, மின்கம்பியை உருவிவிட்டு, பக்கப் பலகையைக் கழற்றுங்கள். செயலியோடு வரும் அந்த விசிறிக்கு நான்கு மூலையிலும் கறுப்புப் பிளாஸ்டிக் ஊசிகள் இருக்கும். ஒவ்வொன்றும் பலகையின் துளைக்குள் இறங்கி, மறுபுறம் இரு பிளவாக விரிந்து, டக் என்று பூட்டிக்கொள்ள வேண்டும். மூன்று பூட்டி ஒன்று பூட்டாமல் விட்டால், மேலே இருந்து பார்க்க எல்லாம் சரியாகவே தோன்றும். பலகையின் பின்புறம் பார்த்தால்தான் வெண்ணிற முனை விரியாமல் நிற்பது தெரியும். ஊசி பூட்டவில்லை என்றால் அப்படியே அழுத்திவிடாதீர்கள். விசிறியை முழுவதுமாகக் கழற்றி, செயலிக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துணியால் துடைத்து, செயலியின் நடுவில் பட்டாணி அளவு புதிய தெர்மல் பேஸ்ட் வைத்து, எதிரெதிர் மூலைகளாக அழுத்திப் பூட்டுங்கள். ஏற்கெனவே ஒரு பக்கம் தூக்கியிருந்த பேஸ்ட்டில் காற்று புகுந்திருக்கும். அதையே மறுபடி பயன்படுத்தினால் பாதிப் பயன்தான்.

யாங்கூன் அச்சகத்தார்:

ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது. ரேம் பக்கமுள்ள மேல் மூலை ஊசி பூட்டாமல் நின்றது. ஹீட்சிங்க்கைத் தூக்கியபோது, பேஸ்ட் ஒரு பக்கம் மெல்லப் பரவியும் மறுபக்கம் கடையில் தடவிய வரியோடு கலையாமலும் இருந்தது. துடைத்து, புதிதாக வைத்துப் பூட்டினேன். இப்போது பத்து நிமிடச் சோதனையில் வெப்பநிலை 78 டிகிரியைத் தாண்டவில்லை, 4.1 கிகாஹெர்ட்ஸ் இறங்கவே இல்லை. 8,250 புள்ளிகள் வந்திருக்கின்றன. மிகுந்த நன்றி.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. கோர் எண்ணிக்கையும் த்ரெட் எண்ணிக்கையும் இரண்டிலும் ஒரே அளவு, கிகாஹெர்ட்ஸ் 3.7-இலிருந்து 4.1-க்கு உயர்ந்தது ஏறத்தாழ பத்து விழுக்காடுதான். பிறகு இரண்டு மடங்கு எங்கிருந்து வருகிறது?

மோல்மீன் ஆசிரியர்:

நல்ல கேள்வி ஐயா. விளம்பரத் தாளில் அச்சிடப்படும் கிகாஹெர்ட்ஸ், ஒரு நொடியில் கடிகாரம் எத்தனை முறை துடிக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதைச் சொல்வதில்லை. 2004-லேயே பென்டியம் 4 செயலி 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் துடிப்பைக் கூட்டக் கூட்ட வெப்பம் தாங்க முடியாமல் போனதால், ஒரு துடிப்பில் முடியும் வேலையைக் கூட்டுவதிலேயே வடிவமைப்பாளர்கள் கருத்தைச் செலுத்தினார்கள்.

உங்கள் இரண்டு செயலிகளிலும் அது கண்கூடு. ஐ7-4770 ஹாஸ்வெல் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு துடிப்பில் நான்கு கட்டளைகளைப் பிரித்தறியும் அகலம் கொண்டது. வரிசை மாற்றிச் செய்வதற்காக 192 கட்டளைகளைக் கையில் வைத்திருக்கும். ஐ3-12100-இன் கோல்டன் கோவ் கோர் ஆறு கட்டளைகளைப் பிரித்தறியும். 512 கட்டளைகளைக் கையில் வைத்திருக்கும். இதனால், நினைவகத்திலிருந்து ஒரு தரவு வர நேரமானாலும் கோர் சும்மா காத்திராமல், அதைச் சாராத மற்றக் கட்டளைகளை முடித்துக்கொண்டே போகிறது. ஒவ்வொரு கோருக்கும் உரிய இரண்டாம் நிலை கேஷ் (செயலிக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகம்) 256 கேபியிலிருந்து 1.25 எம்பியாகவும், பொதுவான மூன்றாம் நிலை கேஷ் 8 எம்பியிலிருந்து 12 எம்பியாகவும் வளர்ந்திருக்கிறது. ஐ3 என்ற பெயரைப் பார்த்து ஐ7-ஐ விடத் தாழ்ந்தது என்று கருதுவது ஒரே தலைமுறைக்குள் மட்டும்தான் பொருந்தும்.

இதோடு நிறுத்திவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் உங்கள் வேலையின் பெரும்பகுதியைச் சினிபெஞ்ச் அளப்பதே இல்லை. இப்போது பலர் கைபேசியில் எடுத்துத் தருவது எச்.265 என்ற முறையில் சுருக்கிய காணொளி. அதை விரித்துக் காட்டும் தனி மின்சுற்று ஐ7-4770-இன் உள்ளமைந்த கிராஃபிக்ஸில் முழுமையாக இல்லை. அதனால் தொகுக்கும்போது படம் விட்டுவிட்டு ஓடும். ஐ3-12100-இன் உள்ளமைந்த கிராஃபிக்ஸில் அதை விரிக்கவும் சுருக்கவும் தனிச் சுற்றே இருக்கிறது. இந்த வசதியைத் தொகுப்பு நிரலின் அமைப்பில் இயக்கிவிட்டீர்களென்றால், எந்தப் புள்ளிப் பட்டியலிலும் தெரியாத வேறுபாடு உங்கள் கண்ணுக்குத் தெரியும். பெயருக்குப் பின் 'எஃப்' சேர்ந்த 12100எஃப் செயலியில் கிராஃபிக்ஸ் கிடையாது. வாங்கும் மற்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ரேமைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பழைய கணினியில் டிடிஆர்3-1600 அட்டைகள் இரண்டு இருந்தால், அவை நொடிக்கு 25.6 ஜிபி வரை தரவைக் கடத்தும். புதியதில் டிடிஆர்4-3200 அட்டை ஒன்று மட்டும் இருந்தால் அதுவும் சரியாக 25.6 ஜிபிதான். அதாவது ரேமின் பாதையில் நீங்கள் இன்னும் 2013-இலேயே நிற்கிறீர்கள். அதே வகையில் இன்னோர் அட்டை போட்டால் 51.2 ஆகும். காணொளித் தொகுப்பிலும் கோப்புகளைச் சுருக்குவதிலும் அதன் பயன் தெரியும்.

பெகு பழுதுநீக்குநர்:

ஆசிரியர் சொன்னதோடு மின்கணக்கையும் சேர்த்துக்கொள்கிறேன். பெட்டியில் பழையதற்கு 84 வாட், புதியதற்கு 60 வாட் என்று போட்டிருப்பவற்றை வைத்துப் பேட்டரிக் கணக்குப் போடாதீர்கள். புதியதும் உச்சத்தில் 89 வாட் வரை எடுக்க அனுமதி பெற்றதுதான். வேலையை முடிக்க மொத்தம் எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பதே முக்கியம். ஒரு காணொளியைப் பழைய கணினி ஒரு மணி நேரத்தில், சுவரிலிருந்து 110 வாட் எடுத்து முடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 110 வாட்-மணி. புதியது அரை மணியில் 90 வாட் எடுத்து முடித்தால் 45 வாட்-மணி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்துவது அதன் ஆயுளுக்கு நல்லது. அந்த 600 வாட்-மணியில் எத்தனை காணொளி முடியும் என்பதை நீங்களே கணக்கிடலாம். சுவர்ச் செருகில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, உங்கள் கணினிகளிலேயே அளந்துவிடுங்கள்.

தட்டோன் வாசகி:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊர்த் தமிழ் வகுப்புக்குக் கணினி ஒன்று வாங்க வேண்டும். தட்டச்சு, படக்காட்சி, இணையம் தவிர வேறு வேலை இல்லை. அலுவலகத்தில் பயன்படுத்திக் கழித்த ஐ5-6500 கணினி ஒன்றும், என்100 செயலி கொண்ட சிறு பெட்டி ஒன்றும் கிடைக்கின்றன. பாஸ்மார்க்கில் இரண்டும் ஐயாயிரத்து ஐந்நூறை ஒட்டியே இருக்கின்றன. எதை வாங்கலாம்?

பெகு பழுதுநீக்குநர்:

அம்மா, உங்களுக்கு என்100-ஐயே சொல்வேன். 2015-இல் வந்த 65 வாட் ஐ5-6500 செயலியின் வேலையை, 6 வாட் என்று குறிக்கப்பட்டு 2023-இல் வந்த இது மிகக் குறைந்த மின்சாரத்தில் ஏறத்தாழ முடித்துவிடுகிறது. மின்வெட்டு நேரத்தில் சிறிய பேட்டரியே போதும். மேலும் விண்டோஸ் 11-க்கு இன்டெலின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி வேண்டும். ஐ5-6500 ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. என்100-க்கு ரேம் பாதை ஒன்றே ஒன்று என்பது குறைதான், ஆனால் உங்கள் வேலைக்கு அது தடையாகாது.

வாங்குவதற்கு முன் ரேம் எத்தனை ஜிபி என்று கேளுங்கள். பல சிறு பெட்டிகளில் ரேமைப் பலகையோடு பற்றவைத்துவிடுவார்கள். 4 ஜிபியாக இருந்து, மாற்றவும் முடியாதென்றால், அதை விட்டுவிட்டு 8 ஜிபி உள்ளதற்குக் காத்திருங்கள்.