புதுப்பிப்பு: அம்மாவின் காது மெஷின், மூன்று மாதம் கழித்து

காது மெஷினை "ஒரே இரைச்சல்" என்று அம்மா கழற்றி டப்பாவில் போட்டுவிட்டதாக முன்பு எழுதியிருந்தேன். அவருக்கு 74 வயது.

இப்போது போட்டுக்கொள்கிறார். ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) ஒலி அளவைக் குறைத்துவிட்டு, முதலில் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் மட்டும் போடச் சொன்னார். பல வருடம் கேட்காத சத்தத்துக்கு மூளை பழக வாரக்கணக்கில் ஆகுமாம். எவர்சில்வர் தட்டு வைத்தாலே முகம் சுளித்தவர், ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு போனில் இருபது நிமிடம் பேசினார். சும்மா தலையாட்டவில்லை, எதிர்க்கேள்வி கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம், காது மெஷின் போட்டால் மறதி குறையுமா என்ற விஷயம். 2023இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை மூன்று ஆண்டு கவனித்தது. மெஷின் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை; மறதி வரும் ஆபத்து அதிகம் இருந்தவர்களில் மெஷின் போட்டவர்களுக்கு மட்டும் நினைவாற்றல் சரிவு மெதுவானது. எனக்கு அம்மாவின் பேச்சு திரும்பியதே போதும். கல்யாண மண்டபத்தில் மட்டும் இன்னும் சிரமப்படுகிறார்.