புதுப்பிப்பு: மகளுக்கு எந்த எலக்ட்ரானிக்ஸ் கிட் வாங்கலாம் என்று கேட்டிருந்தேனே

பெட்டி கிட் வேண்டாம், சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் உதிரியாக வாங்குங்கள் என்று பலர் சொன்னீர்கள், அப்படியே செய்தேன். பிரெட்போர்டு (பாகங்களைச் செருகி இணைக்கும் துளைப் பலகை), சிவப்பு எல்இடி, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த 470 ஓம் ரெசிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி. எல்இடிக்குச் சுமார் 2 வோல்ட் போக மீதி 7 வோல்ட் ரெசிஸ்டரில் விழுவதால் 15 மில்லி ஆம்பியர்தான் ஓடும், அதனால் எல்இடி கருகாது என்று நான் விளக்கிக்கொண்டிருக்க, மகள் எல்இடியைத் திருப்பிச் செருகிவிட்டு "ஏம்ப்பா எரியல?" என்கிறாள். நீளக் கால் பிளஸ் பக்கம் போகணும் என்பதை அவளே கண்டுபிடித்தாள். அப்புறம் வெளிச்சத்தை உணரும் எல்டிஆரும் சுவிட்ச் போல வேலை செய்யும் பிசி547 டிரான்சிஸ்டரும் சேர்த்து இருட்டினால் தானாக எரியும் விளக்கு, அதைக் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய் ஓயாமல் சோதிக்கிறாள். சால்டரிங் (ஈயம் உருக்கிப் பற்றவைப்பது) இப்போதைக்கு இல்லை, அந்தக் கருவியின் முனை 300 டிகிரிக்கு மேல் சூடாகும். அடுத்து பீப் சத்தம் போடும் பஸ்ஸர் வேண்டுமாம். தூக்கம் போச்சு.