தீபன் படத்த பாதியில நிப்பாட்டச் சொன்ன அம்மாச்சி

சேரம்பாடி பையன்:
நேத்து ராத்திரி அம்மாச்சிக்கு லேப்டாப்ல தீபன் போட்டுக் காட்டினேன், 2015ல கேன்ஸ்ல தங்கப்பனை விருது வாங்குன பிரெஞ்சு படம், ஆனா நெறைய எடத்துல பேசுறது தமிழ்தான். இலங்கைச் சண்டையில தப்பிச்ச மூணு பேரு, ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே இல்ல, செத்துப்போனவங்க பாஸ்போர்ட்ட வச்சு ஒரே குடும்பம்னு சொல்லி பிரான்ஸ் போறாங்க. அதுல ஒரு பொண்ணு தாய் தகப்பன் இல்லாத பிள்ளைய தேடி கேம்ப் பூரா அலையற சீன் வந்ததும் அம்மாச்சி "நிப்பாட்டு"ன்னுச்சு. தேத்தண்ணி ஆறுற வரைக்கும் கிளாஸயே பாத்துட்டு, "இவுக பொய்ப் பேர்ல போறாக, எங்கள சொந்தப் பேர்லயே அனுப்பிட்டாக"ன்னுச்சு. அம்மாச்சி இலங்கையில அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்துல பொறந்து 1972ல தலைமன்னார்ல கப்பலேறுனது, அதுவரைக்கும் இந்தியாவ கண்ணால பாத்ததில்ல, ஆனா ரெக்கார்டுல 'தாயகம் திரும்பியோர்'. இந்தக் கதைய யாராச்சும் படமா எடுத்திருக்காங்களா?

கோத்தகிரி டீ:
தம்பி ரெண்டையும் கொழப்பாதீங்க. 1983க்கு அப்புறம் சண்டைக்குத் தப்பி வந்தவங்க அகதிங்க. உங்க அம்மாச்சி வந்தது 1964ல இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துல. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு கொழுந்து நிறுக்குற மாதிரி பிரிச்சாங்க, தோட்டத்து ஆளுங்கள ஒரு வார்த்தை கேக்கல. வந்தவங்களுக்காக 1968ல டேன்டீ, அதான் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டம் போட்டாங்க, கடல் தாண்டி வந்தும் அதே கூடை அதே கொழுந்து. முழுசா இதையே எடுத்த படம் நான் பாத்ததில்ல.

குன்னூர் குளிரு:
அண்ணா அவ்ளோ சுத்தமா பிரிக்க முடியாது. 1977 கலவரத்துல அடிவாங்கி தோட்டத்த விட்டு வடக்க வவுனியா பக்கம் போன மலையக சனம் எவ்ளோ பேரு, அப்புறம் அங்கயும் சண்டை வந்து மாட்டுனாங்க, அதுல கொஞ்சம் பேரு அகதியா இங்க வந்தாங்க. படத்துக்கு வர்றேன், தீபனா நடிச்ச ஷோபாசக்தி எழுத்தாளர், சின்ன வயசுல அவரே புலிகள் இயக்கத்துல இருந்தவர், பாரிஸ் தெருவுல தலையில லைட் எரியுற பேண்ட மாட்டிட்டு சாமான் விக்கிற சீன்ல அந்த மொகம் நடிப்பு மாதிரியே இல்ல. கடைசி சண்டைதான் எனக்கு ஒட்டல, சினிமாத்தனம்.

சேரம்பாடி பையன்:
நீங்க வவுனியான்னதும்தான் உறைச்சுது. அம்மாச்சியோட தம்பிக்கு அந்த நாட்டு பிரஜாவுரிமை கெடச்சு அங்கயே நின்னுட்டார், 77க்கு அப்புறம் பிள்ளகுட்டியோட வவுனியா போனவர். நாலஞ்சு லெட்டர் வந்துச்சாம், அதோட சரி. காலைல கேட்டேன், "அந்தப் பிள்ள கெடச்சுதா இல்லியா"ன்னு மட்டும் கேட்டுச்சு. கெடச்சிருச்சுன்னேன். மீதிய ஞாயித்துக்கிழமை போடணுமாம், கரண்ட் இருந்தா பாக்கலாம்.