9.6 ஊற்றணுமா, 10 ஊற்றணுமா? பவுடர் ஊசி பத்திரம் என்றவருக்கு

வார்டு சிஸ்டர்:
நேற்று வேறொரு இழையில் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: "பவுடராக வரும் ஊசி மருந்துதான் இருப்பதிலேயே பத்திரம். கெட்டுப்போகாது. தண்ணீர் கலந்தோமா, போட்டோமா, வேலை முடிந்தது." அதற்குக் கீழே கைதட்டல் வேறு. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. எந்தத் தண்ணீர்? எவ்வளவு? செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் 1 கிராம் வயலில் (மருந்துக் குப்பியில்) ஐ.வி.க்கு, அதாவது நரம்பில் ஏற்ற, 9.6 எம்.எல். ஊற்று என்கிறது அமெரிக்க லேபிள். ஏன் 10 இல்லை? தூளே 0.4 எம்.எல். இடம் பிடிக்கிறது. 9.6 ஊற்றினால்தான் மொத்தம் 10 ஆகும், எம்.எல்.லுக்கு 100 மி.கி. வரும். இதுகூடத் தெரியாமல் "வேலை முடிந்தது" என்று எழுதக் கை வருகிறதே.

குமரன்_பார்மசி:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், ஒளிய வேண்டாம். நான் பார்மசிஸ்ட். 1 கிராமுக்கு 10 எம்.எல். என்று போட்ட லேபிளும் இருக்கிறது, நீங்கள் பார்த்தது மட்டும் லேபிள் இல்லை. 10 ஊற்றினால் 10.4 வரும், எம்.எல்.லுக்கு 96 மி.கி. நான்கு சதவீதம். முழு வயலும் நோயாளிக்குத்தானே போகிறது? உள்ளே இருப்பது 1 கிராம், போவதும் 1 கிராம். இதற்கா இவ்வளவு சத்தம்?

வார்டு சிஸ்டர்:
முழு வயலும் போகும் என்று யார் சொன்னது? குழந்தைகள் வார்டில் முழு வயல் போடுவது அபூர்வம். எடைக்குத் தகுந்தபடி கொஞ்சம்தான் உறிஞ்சுவோம். பென்சில்பெனிசிலின் 600 மி.கி. வயலைப் பாருங்கள். அதிலும் தூள் 0.4 எம்.எல். இடம் பிடிக்கும். 1.6 ஊற்றினால் 2 எம்.எல்., எம்.எல்.லுக்கு 300 மி.கி. ஒருவர் 2 எம்.எல். ஊற்றிவிட்டு அதையே 300 என்று நினைத்துக்கொண்டால்? மொத்தம் 2.4 ஆகிவிடும், எம்.எல்.லுக்கு 250 தான். பச்சிளம் குழந்தைக்கு 75 மி.கி. என்று 0.25 எம்.எல். எடுத்தால் போவது 62.5. ஆறில் ஒரு பங்கு மருந்து காணோம். காய்ச்சல் இறங்கவில்லை என்று மறுநாள் மருந்தையே குறை சொல்வார்கள். இதுவும் நான்கு சதவீதமா?

மழைத்துளி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 0.4ஐ விடப் பெரிய விஷயம் இருக்கிறது. 2018 ஜூலையில் பசிபிக் தீவு நாடான சமோவாவில் எம்.எம்.ஆர். என்ற தட்டம்மைத் தடுப்பூசித் தூளைத் தண்ணீருக்குப் பதில் காலாவதியான தசைத் தளர்த்தி மருந்தில் கரைத்துப் போட்டார்கள். இரண்டு குழந்தைகள் இறந்தன. தடுப்பூசித் திட்டமே நின்றது. அடுத்த வருடம் தட்டம்மை வந்து 83 பேர் போனார்கள். 2014இல் சிரியாவின் இட்லிப் பகுதியிலும் தட்டம்மைத் தடுப்பூசியில் கரைப்பானுக்குப் பதில் அட்ராகியூரியம் என்ற தசைத் தளர்த்தி; 15 குழந்தைகள் இறந்தன.

குமரன்_பார்மசி:
இதைத்தான் சொல்கிறேன். அங்கே கொன்றது தூளா? கலந்தவர் கை. தூள் பத்திரமாகத்தான் இருந்தது.

வார்டு சிஸ்டர்:
தூளாக இருந்ததால்தானே கலக்க வேண்டி வந்தது! திரவமாகவே வந்திருந்தால் வேறு ஆம்ப்யூலை எடுக்கும் வேலையே இல்லை. தூள் என்றால் இரண்டாவது ஒரு கண்ணாடிக் குப்பி, இன்னொரு சிரிஞ்ச், இன்னொரு கணக்கு. தவறு நுழைய ஒவ்வொன்றும் ஒரு வாசல். 2017இல் தெற்கு சூடானின் கப்போய்ட்டாவில் கலப்பதற்கு ஒரே சிரிஞ்சை நான்கு நாள் முகாம் முழுக்க வைத்துக்கொண்டார்கள், தட்டம்மைத் தடுப்பூசியைக் குளிரிலும் வைக்கவில்லை. 15 குழந்தைகள் இறந்தன. கலந்த தட்டம்மைத் தடுப்பூசியை 6 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. "கெட்டுப்போகாது" என்றீர்களே, எது கெடாது?

குமரன்_பார்மசி:
கலக்காத தூள் சீக்கிரம் கெடாது என்றேன். சிஸ்டருக்குப் படிக்கும் பொறுமை இல்லை. பெனிசிலின் வகையறாவைத் தண்ணீர் உடைத்துவிடும், அதனால்தான் தூளாகவே விற்கிறார்கள். ஆம்பிசிலின் கலந்தால் ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். இது எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா?

வார்டு சிஸ்டர்:
தெரிந்திருந்தால் ஏன் எழுதவில்லை? "முடிந்தது" என்று மட்டும் எழுதினீர்கள். சரி, 0.4க்கு இன்னும் பதில் வரவில்லை.

அமுதன்:
ஒரு விஷயத்தில் குமரன் சார் பக்கம் நிற்கிறேன். 2017 டிசம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில்லில் பதற்றம் தணிக்க மிடாசோலம் கொடுக்கச் சொன்ன இடத்தில் வெக்குரோனியம் என்ற தசைத் தளர்த்தியைப் போட்டுவிட்டார் ஒரு நர்ஸ்; நோயாளி இறந்தார். அவருக்கு 2022இல் தண்டனையும் ஆனது. மிடாசோலம் திரவம், வெக்குரோனியம் தூள். கையில் தூள் வந்தபோதே "இது அது இல்லையே" என்று நின்றிருக்கலாம். தூள் அங்கே எச்சரிக்கை மணி அடித்தது.

வார்டு சிஸ்டர்:
மணி அடித்தும் ஆள் போனார் அல்லவா? அது எப்படி உங்களுக்குச் சாதகம்? வார்டில் ஒரு ராத்திரி நின்று பாருங்கள். மூடியைத் திறந்து, ரப்பரைத் துடைத்து, ஊசியைக் குத்தி, தண்ணீரைச் செலுத்தி, உருட்டி, நுரை அடங்கக் காத்திருக்கும்போது மூன்று பேர் கூப்பிடுவார்கள். செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாடிக் என்றால் கலந்ததும் கார்பன் டை ஆக்சைடு கிளம்பிப் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். அந்த வாயுவை வெளியேற்றாமல் உறிஞ்சினால் சிரிஞ்சில் பாதி காற்று. இதெல்லாம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பில் போடுகிறவருக்குப் புரியாது.

குமரன்_பார்மசி:
வந்துவிட்டார் பில் போடுவதற்கு! போன மாதம் லிடோகேன் இழையிலும் இதே பேச்சுதான். தசையில் போட லிடோகேன் என்ற மரப்பு மருந்தில் கலந்த செஃப்ட்ரியாக்சோனை நரம்பில் ஏற்றக் கூடாது என்று நான் எழுதினேன். அதற்கும் "கவுண்டர்" என்றுதான் பதில். கடைசியில் யார் சொன்னது சரி?

வார்டு சிஸ்டர்:
அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி, நீங்கள் கண்டுபிடித்தது இல்லை. இழையைத் திசை திருப்பாதீர்கள். நான் கேட்டது 9.6.

மழைத்துளி:
இரண்டு பேரும் கால்சியத்தை மறந்துவிட்டீர்கள். செஃப்ட்ரியாக்சோனை ரிங்கர் லாக்டேட்டில் (கால்சியம் உள்ள டிரிப்ஸ்) கரைத்தால் படிவு இறங்கும். 28 நாள் ஆகாத குழந்தைக்குக் கால்சியம் டிரிப்ஸ் ஓடும்போது அந்த மருந்தே கூடாது. 10 ஊற்றினாலும் 9.6 ஊற்றினாலும் பாட்டில் தப்பென்றால் தப்புதான்.

வார்டு சிஸ்டர்:
தங்கச்சி, அது கரைப்பான் பற்றியது. நான் பேசுவது அளவு. சர்க்கரை போட்டால் டம்ளரில் காபி மட்டம் ஏறுவது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பார்மசிஸ்டுக்கு மட்டும் ஏறாதாம்.

குமரன்_பார்மசி:
ஏறாது என்று எங்கே சொன்னேன்? எடுத்துக் காட்டுங்கள். ஏறினால் என்ன என்றுதான் கேட்டேன்.

அமுதன்:
சிஸ்டர், ஒரு சந்தேகம். மலேரியாவுக்குப் போடும் ஆர்ட்டெசுனேட் 60 மி.கி. எப்படிக் கலக்கணும்? அதில் தண்ணீரே ஊற்றக் கூடாது என்கிறார்கள்.

வார்டு சிஸ்டர்:
ஆமாம் தம்பி, வெறும் தண்ணீர் கூடாது. முதலில் கூடவே வரும் பைகார்பனேட் 1 எம்.எல்., தெளியும்வரை ஆட்ட வேண்டும். கலங்கலாகவே நின்றால் கீழே கொட்டிவிட வேண்டும். தெளிந்தபிறகு ஐ.வி.க்கு சலைன் அல்லது 5% டெக்ஸ்ட்ரோஸ் 5 எம்.எல். மொத்தம் 6 எம்.எல்., எம்.எல்.லுக்கு 10 மி.கி. உடனே போட வேண்டும், மிச்சத்தை எடுத்து வைக்கக் கூடாது.

குமரன்_பார்மசி:
பிடிபட்டார்! ஒன்றும் ஐந்தும் ஆறு. தூள் பிடித்த இடம் எங்கே போயிற்று? உங்கள் கணக்குப்படி ஆறுக்கு மேல் அல்லவா வந்திருக்க வேண்டும்? வாயைத் திறந்தாலே 0.4, இங்கே மட்டும் சத்தமே இல்லை.

வார்டு சிஸ்டர்:
60 மில்லிகிராம் தூளும் 1000 மில்லிகிராம் தூளும் உங்களுக்கு ஒன்றா? 60 மி.கி. வயலில் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். 1 கிராம் வயலைத் தூக்கிப் பாருங்கள், தூள் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று. ஒவ்வொரு மருந்துக்கும் தனி அளவு, அதனால்தான் லேபிளைப் படி என்று தொண்டை வற்றக் கத்துகிறேன்.

குமரன்_பார்மசி:
அப்போ எல்லாத் தூளும் ஆபத்து என்ற முதல் பதிவை மாற்றுங்கள்.

வார்டு சிஸ்டர்:
எல்லாத் தூளும் ஆபத்து என்று நான் எழுதவே இல்லை. நீங்கள் முதலில் உங்கள் "வேலை முடிந்தது"ஐ மாற்றுங்கள். கைதட்டிய அத்தனை பேரும் அதைத்தான் படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தசையில் மட்டும் போட வேண்டிய பென்சத்தின் பெனிசிலினும் பவுடராக வருகிறது. அதைக் கலந்து நரம்பில் ஏற்றினால் இதயமே நின்றுவிடலாம். அதற்கும் "கலந்தோமா, போட்டோமா" தானா?

குமரன்_பார்மசி:
பென்சத்தினுக்குத் தனி இழை தொடங்குகிறேன். அங்கே வாருங்கள், யாருக்கு என்ன தெரியும் என்று பார்த்துவிடலாம்.